செஞ்சிக் கோட்டையின் அரச மகளிர்

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மராட்டிய, பொந்தில அரச குடும்பப் பெண்களைப் பற்றியது இக்கட்டுரை. ராஜகிரி அடிவாரத்தில் பல அடுக்குகளாக உயர்ந்து நிற்கும் கல்யாண மகால், அரச மகளிரின் வசிப்பிடமாகக் கருதப்படுகிறது.

மராட்டிய ராணிகள்

1689இல் மராட்டிய மன்னர் சம்பாஜியை முகலாயப் பேரரசர் அவுரங்கசீப் கொன்றபின், சம்பாஜியின் தம்பி ராஜாராம் தப்பிவந்து செஞ்சியைத் தலைநகராக்கினார். அவருடைய ராணிகள் சில ஆண்டுகளுக்குப் பிறகே இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் தாராபாய், மராட்டியப் படைத்தலைவர் ஹம்பீரராவ் மோகிதேயின் மகள். முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் முற்றுகை நீடித்திருந்தபோதே, 1696இல், தாராபாய்க்கு இரண்டாம் சிவாஜி பிறந்தார். 1698இல் கோட்டை வீழ்வதற்கு முன் ராஜாராம் தப்பினார். கோட்டையிலேயே இருந்துவிட்ட அரச மகளிர் பின்னர் மராட்டிய நாடு போய்ச் சேர்ந்தனர்.

1700இல் ராஜாராம் சிங்ககட்டில் இறந்ததும், நான்கு வயது மகனை அரியணையேற்றி, அவன் பெயரால் தாராபாய் ஆட்சி நடத்தினார். அப்போது அவருக்கு வயது 25. 1707இல் அவுரங்கசீப் இறக்கும்வரை போரை ஓயவிடாமல் நடத்திய அவரது உறுதிக்குச் செஞ்சியின் முற்றுகைக் காலமே பயிற்சிக்களம் எனலாம். பின்னர் சம்பாஜியின் மகன் சாகுவுடன் அரசுரிமைப் போட்டி எழுந்தது. 1714இல் ராஜாராமின் மற்றொரு ராணியான ராஜசபாய், தன் மகன் இரண்டாம் சம்பாஜியைக் கோலாப்பூர் அரியணையில் அமர்த்தி, தாராபாயையும் அவர் மகனையும் சிறைவைத்தார். தாராபாய் 1761இல் மறைந்தார்.

தேசிங்கின் ராணி

மராட்டியருக்குப் பின் செஞ்சியை ஆண்ட பொந்தில ராஜபுத்திர மரபினரான தேஜ்சிங், தமிழர் நாவில் தேசிங்கு ராஜன். 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்டார். அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். செட்டிக்குளக் கரையிலுள்ள மேடை அந்நிகழ்வின் இடமாகக் காட்டப்படுகிறது. அவர் நினைவாக நவாப் அமைத்த ஊரே ராணிப்பேட்டை. 2019 முதல் அது மாவட்டத் தலைநகர். தேசிங்கின் வீரத்தைப் பாடும் கதைப்பாடல் அவர் மனைவியை ராணிபாய் என்கிறது. வாழ வேண்டிய வயதில் தீக்கு இரையான பெண்ணின் துயரமும் அவ்வீரக் கதையின் பகுதியாகவே நினைக்கப்பட வேண்டும்.

வரலாற்று முக்கியத்துவம்

2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. மன்னர்களையும் தளபதிகளையும் கொண்டே பெரிதும் சொல்லப்படும் இக்கோட்டையின் வரலாறு, முகலாயப் பேரரசை எதிர்த்து நின்ற தாராபாயையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமை பெறும்.