எட்டுப் பேர், இரண்டு உலகக் கோப்பைகள்

2007இல் முதல் சுற்றோடு வீடு திரும்பிய இந்திய கிரிக்கெட் அணியிலும், 2011இல் கோப்பையை வென்ற அணியிலும் எட்டுப் பேர் இடம்பெற்றிருந்தனர்: சச்சின், சேவாக், யுவராஜ், தோனி, ஜாகீர் கான், ஹர்பஜன், முனாஃப் படேல், ஸ்ரீசாந்த். திறமை மட்டுமே போதுமென்றால் இந்த இரு முடிவுகளும் இவ்வளவு விலகியிருக்காது.

முதல் வேறுபாடு, பயிற்சியாளர்மீது வீரர்களுக்கு இருந்த நம்பிக்கை. 2005இல் பொறுப்பேற்ற கிரெக் சாப்பல், அப்போதைய கேப்டன் கங்குலியைக் குறைகூறிக் கிரிக்கெட் வாரியத்துக்கு எழுதிய மின்னஞ்சல் சில மாதங்களிலேயே பத்திரிகைகளுக்குக் கசிந்தது. அதன்பின் டிரெஸ்ஸிங் ரூமில் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? 2008இல் வந்த கேரி கிர்ஸ்டன் பேட்டிகளில் முந்தி நிற்கவில்லை. வலைப்பயிற்சியில் பேட்ஸ்மேன்களுக்குச் சலிக்காமல் பந்தெறிந்து கொடுத்தார்.

இரண்டாவது, பொறுப்பில் தெளிவு. 2007இல் தொடக்க ஆட்டக்காரரான சச்சின் நான்காம் இடத்தில் இறக்கப்பட்டார். வங்கதேசத்துக்கு எதிராக 7 ரன், இலங்கைக்கு எதிராக 0. 2011இல் தொடக்க இடத்திலேயே ஆடி 482 ரன் குவித்தார். பேட்டிங்கோடு பந்துவீச்சும் ஒப்படைக்கப்பட்ட யுவராஜ் 362 ரன், 15 விக்கெட்டுடன் தொடர்நாயகன் ஆனார். 2011 இறுதியாட்டத்திலும் வரிசை மாறியது உண்மைதான். ஆனால் அங்கே யுவராஜுக்கு முன்னால் இறங்கியவர் கேப்டன் தோனி. மாற்றத்தின் சுமையைத் தானே ஏற்று, ஆட்டமிழக்காமல் 91 ரன் எடுத்தார்.

மூன்றாவது, தோல்வியை எதிர்கொண்ட விதம். 2007இல் வங்கதேசத்திடம் விழுந்த அடியிலிருந்து அணி எழவில்லை. பெர்முடாவை வென்றாலும் இலங்கையிடம் 69 ரன் வித்தியாசத்தில் தோற்றது. 2011இல் நாக்பூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கடைசி 9 விக்கெட்டுகளை 29 ரன்னுக்குள் பறிகொடுத்துத் தோற்ற அணி, அடுத்த நான்கு ஆட்டங்களையும் வென்று கோப்பையைத் தொட்டது.

ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டுமானால் இதையும் சொல்ல வேண்டும். 2007இல் முதல் சுற்றில் மூன்றே ஆட்டங்கள்; தவறைத் திருத்த அவகாசமில்லை. 2011இல் சொந்த மண்ணும் நீண்ட முதல் சுற்றும் கைகொடுத்தன. 2011இல் கைகொடுத்த ரெய்னா அறிமுகமானதும் சாப்பல் காலத்தில்தான். இளைஞர்களை வளர்க்க சாப்பல் விரும்பியதில் பிழையில்லை. மூத்தவர்களின் நம்பிக்கையை இழந்ததுதான் பிழை.

வீரர்களைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. தன் பொறுப்பு என்ன, தவறினால் யார் துணை நிற்பார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும் அணியே வெல்லும். பள்ளி அணியை நடத்தும் ஆசிரியரும் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.