நவம்பர் 1: ஒரு தேதி, பல நினைவுகள்

நவம்பர் பிறந்துவிட்டால் போதும், பெங்களூரின் தெருக்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறிவிடும். ஆட்டோ ஸ்டாண்டில் கொடிக்கம்பம், முச்சந்தியில் புவனேஸ்வரி படம், ஒலிபெருக்கியில் ராஜ்குமார் பாட்டு! நம் வீட்டுப் பிள்ளைகளும் சட்டையில் கொடி குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். வந்ததும் கேட்கிற கேள்வி இது: "ஏம்ப்பா, ராஜ்யோத்சவம் அவங்க பண்டிகையா, நம்ம பண்டிகையா?"

"சும்மா இருடா, போய் வீட்டுப்பாடம் பண்ணு" என்று வாயை அடைத்துவிடலாம். 1991-இல் காவிரிக் கலவரத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இப்படிப்பட்ட கேள்வியே ஒரு கலக்கத்தைத் தரும். ஆனாலும் பிள்ளைக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தப் பதில் இதே தேதியின் வரலாற்றில் இருக்கிறது.

1953-ஆம் ஆண்டு இறுதியில் பசல் அலி தலைமையில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையை ஒட்டி இயற்றப்பட்ட சட்டம் 1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 14 மாநிலங்களாகவும் 6 யூனியன் பிரதேசங்களாகவும் பிரிக்கப்பட்டது. மைசூர், கேரளம், ஆந்திரப் பிரதேசம் எல்லாம் புது வடிவம் பெற்றது அன்றுதான். சென்னை மாநிலத்திடமிருந்து தென்கன்னட மாவட்டத்தின் பெரும்பகுதியும், கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகாவும் மைசூருக்குப் போயின. மலபார் கேரளத்துக்குப் போயிற்று. தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாக நம்மோடு வந்து சேர்ந்தன.

அந்தக் குமரி சும்மா கிடைத்துவிடவில்லை. மார்ஷல் நேசமணி தலைமையில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தேவிகுளமும் பீர்மேடும் கடைசி வரை கிடைக்கவே இல்லை. வடக்கே ம.பொ.சி. முதலானோர் போராடிய திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் வந்து சேர்ந்தது. கன்னடர்களுக்குச் சிதறிக் கிடந்த வீடு ஒன்றாகிய நாள் நவம்பர் 1. நமக்கோ அதே நாள் கொஞ்சம் பெற்று, கொஞ்சம் இழந்த நாள். 2019-இல் தமிழக அரசு இதைத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடியது. 2021-இல், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டச் சட்டமன்றம் 1967-இல் தீர்மானம் நிறைவேற்றிய ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாள் என்று அறிவித்தார்கள். நவம்பர் 1 எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைவுகூரும் நாளாயிற்று.

இனிச் சினிமா பக்கம் வருவோம். புது மாநிலங்களின் மூன்றாவது பிறந்த நாளான 1959 நவம்பர் 1 அன்றுதான் எம்.கே. தியாகராஜ பாகவதர் காலமானார். அவருக்கு வயது 49. அவருடைய 'ஹரிதாஸ்' 1944-இல் வெளியாகி, மூன்று தீபாவளி கண்ட காலத்தில் மங்களூரும் பெல்லாரியும் கோழிக்கோடும் சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தன. பல மொழிக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த அந்த மாகாணத்தின் நட்சத்திரம், கூரை பிரிந்த அதே தேதியில் மறைந்தது விசித்திரம்தான்.

அடுத்தது 1973 நவம்பர் 1. தேவராஜ் அர்ஸ் முதல்வராக இருந்தபோது மைசூர் மாநிலம் 'கர்நாடகம்' என்று பெயர் மாறிய நாள். அதே நாளில் அதே மாநிலத்து மங்களூரில் பிறந்த குழந்தைதான் ஐஸ்வர்யா ராய்! துளுவைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் முதன்முதலில் திரையில் தோன்றியது தமிழ்ப்படத்தில். அது 1997-இல் வந்த மணிரத்னத்தின் 'இருவர்'. பின்னாளில் 'பொன்னியின் செல்வன்' படத்தில் நந்தினியும் அவர்தான். கர்நாடகத்தோடு ஒரே நாளில் பிறந்தவரைச் சோழர் கதையில் பார்த்தபோது நம்மில் யாருக்காவது அந்நியமாகத் தோன்றியதா?

2014 நவம்பர் 1 அன்று நம் ஊரின் ஆங்கிலப் பெயரும் பெங்களூரு என்று மாறியது. அன்றைக்கு மொத்தம் 12 ஊர்களுக்குப் பெயர் திருத்தம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 2022 நவம்பர் 1 தான். அதற்கு முந்தைய ஆண்டு மறைந்த நடிகர் புனித் ராஜ்குமாருக்கு விதான சௌதாவில் 'கர்நாடக ரத்னா' விருது வழங்கினார்கள். விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர்களில் ஒருவர் ரஜினிகாந்த். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கன்னடர் கொண்டாடிய புனித் 1975-இல் பிறந்தது சென்னையில். தமிழர் கொண்டாடும் ரஜினி 1950-இல் பிறந்தது பெங்களூரில். புனித்தின் தந்தை டாக்டர் ராஜ்குமார் பிறந்த கஜனூரோ, 1956-க்குப் பிறகும் தமிழ்நாட்டுப் பக்கமே இருக்கிறது. மாநிலங்களைப் பிரித்துக் கோடு போட்ட அதே தேதியில், அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பிறந்தவர்களுக்காக ஒரே மேடை!

1809-இல் கண்டோன்மெண்ட் அமைந்த காலந்தொட்டு இங்கே உழைத்து வாழ்ந்த தமிழர் வழி வந்தவர்கள் நம்மில் பலர். கோடு போடும்போது நாம் ஏற்கெனவே இந்தப் பக்கம் இருந்தோம். ஆகவே பிள்ளை கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: "நம்ம பண்டிகையும்தான்டா கண்ணு. நீ பிறந்த ஊரோட பண்டிகை உன்னுடையதில்லாமல் வேறு யாருடையது?" அப்படியே குமரிக்காக உயிர் விட்டவர்களின் கதையையும் சொல்லுங்கள். சட்டையில் குத்திய கொடி சட்டையிலேயே இருக்கட்டும். தியாகிகளின் நினைவுக்கு வீட்டில் ஒரு விளக்கும் எரியட்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடத் தேவையில்லை.