துறை எவருடையது? பெலிஸ் நாட்டுத் தென்கரையில் உல்லாசக் கப்பல்களும் சிறு சுற்றுலாவும் (1960–2021)

ஆய்வுச்சுருக்கம்

மத்திய அமெரிக்க நாடான பெலிஸின் தென்கரையில் உல்லாசக் கப்பல் துறை அமைவதற்கு எழுந்த எதிர்ப்பைச் சூழல் காப்பு என்னும் ஒரே கோணத்தில் விளக்குவது வழக்கம். அவ்வெதிர்ப்பின் வேர் கரையிறங்கும் இடத்தின் மீதான உரிமையில் இருந்தது என்பதை, அக்கரையின் மீனவர் கூட்டுறவு வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெலிஸ், பிளசென்சியா, ஹார்வெஸ்ட் கே, உல்லாசக் கப்பல், மீனவர் கூட்டுறவு, சூழல்சார் சுற்றுலா

முன்னுரை

தமிழில் ‘துறை’ என்னும் சொல் நீரில் இறங்கும் இடத்தையும் குறிக்கும். ஒரு தொழிற்பிரிவையும் குறிக்கும். சுற்றுலாத்துறை என்று சொல்லும்போது முதற்பொருளை நாம் நினைப்பதில்லை. பெலிஸின் அண்மைக்கால வரலாற்றில் இவ்விரு பொருளும் ஒன்றாகவே நிற்கின்றன. பயணி எந்த இடத்தில் கால் வைக்கிறார், அவ்விடம் யாருடையது என்பதைப் பொறுத்தே அந்நாட்டில் சுற்றுலாவின் பயன் யாரைச் சேர்கிறது என்பது அமைந்துள்ளது.

பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் எனப்பட்ட இக்காலனி 1973இல் பெலிஸ் எனப் பெயர் மாறி, 1981 செப்டம்பர் 21 அன்று விடுதலை பெற்றது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் நான்கு இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. கரைக்கு இணையாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளும் பவளத்திட்டுத் தொடரில் ஏழு காப்பிடங்கள் 1996இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

மரத்திலிருந்து சிங்கி இறாலுக்கு

இக்காலனி தோன்றியதே ஏற்றுமதிக்காகத்தான். முதலில் சாயமரமும் பின்னர் மகோகனியும் வெட்டப்பட்டு ஆறுகளின் வழியே கடலுக்கு வந்தன. வெட்டியோர் ஆப்பிரிக்க அடிமைகளும் அவர்தம் வழித்தோன்றல்களும். ஏற்றுமதி செய்தோர் இலண்டனில் இருந்த நிறுவனத்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாட்டின் தனியார் நிலத்தில் ஏறத்தாழப் பாதி ‘பெலிஸ் எஸ்டேட் அண்ட் புரொடியூஸ்’ என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. உழைப்பு உள்நாட்டிலும் துறை பிறர் கையிலும் இருந்த இந்த அமைப்பு நூறாண்டுக்கு மேல் நீடித்தது.

அதில் முதல் உடைப்பை ஏற்படுத்தியவர்கள் மீனவர்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கி இறாலுக்கு அமெரிக்கச் சந்தையில் நல்ல விலை கிடைத்தது. ஆயினும் வாங்கி அனுப்பும் அயல்நாட்டு நிறுவனங்கள் வைத்ததே மீனவர்க்குரிய விலையாயிற்று. 1960இல் வடபகுதி மீனவர் கூட்டுறவுச் சங்கமும், 1962இல் தெற்கே பிளசென்சியாவில் மற்றொன்றும், 1966இல் தேசிய மீனவர் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கப்பட்டன. ஏற்றுமதி ஒதுக்கீட்டைப் பெற்று, இறாலைத் தாமே பதப்படுத்தித் தாமே கப்பலேற்றும் நிலையை அவை எட்டின. பிடிப்பவரே துறைக்கும் உடைமையாளர் ஆகலாம் என்ற அனுபவம் அந்தத் தலைமுறைக்குக் கிடைத்தது. பின்னாளைய சுற்றுலாப் பூசலைப் பற்றி எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். அஃது எதிர்ப்பாளரை வெறும் சூழல் ஆர்வலராகச் சுருக்கிவிடுகிறது.

சிறு சுற்றுலாவின் எழுச்சி

பிளசென்சியா, ஒரு நீண்ட மணல்நாக்கின் தென்முனையில் அமைந்த கிரியோல் மீனவர் ஊர். அதன் முதன்மைத் தெரு வண்டி செல்லும் சாலையன்று, மணல்மீது போடப்பட்ட ஒடுங்கிய நடைபாதை. 1980களில் இறால் குறைந்தபோது மீனவர் சிலர் தம் படகுகளிலேயே பயணிகளைத் தூண்டில் மீன்பிடிக்கும் முக்குளிக்கவும் அழைத்துச் சென்றனர். புதிய முதல் பெரிதாகத் தேவைப்படவில்லை. பவளத்திட்டில் வழி தெரிந்திருப்பதே முதலாயிற்று.

உள்நாட்டில் வேறொரு பாதை உருவாயிற்று. சிறுத்தையினமான ஜாகுவாருக்காகக் காக்ஸ்கோம் வடிநிலம் 1986இல் சரணாலயமானபோது, அங்கிருந்த மாயா குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. அவர்கள் குடியேறிய மாயா சென்டர் என்னும் ஊர், காலப்போக்கில் வழிகாட்டிகளின் ஊராகவும் கைவினைப் பெண்டிரின் ஊராகவும் மாறியது. அந்த மாற்றத்தைப் பாராட்டுவோர் அதற்கு முன் நடந்த வெளியேற்றத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தென்கோடி மாவட்டமான டொலிடோவில் 1990இல் தோன்றிய டொலிடோ சூழல்சார் சுற்றுலாச் சங்கம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. மாயா, கரிஃபுனா ஊர்களில் சங்கத்தார் எளிய விருந்தினர் இல்லங்களைக் கட்டினர். வருவோரை ஊர்கள் முறைவைத்து ஏற்றன. ஒரே விருந்தினர்க்குக் காலையில் ஒரு வீட்டிலும் நண்பகலில் மற்றொரு வீட்டிலும் உணவு. வழிகாட்டும் பணியும் முறைமாறி வரும். வருவாயின் ஒரு பகுதி பொதுநிதிக்கு. நம் ஊர்களின் பாசனக் குளங்களில் நீர் பகிர்ந்த முறைப்பாட்டை இது நினைவூட்டுகிறது. வந்த விருந்தினர் சிலரே என்பதால் பங்கும் சிறிதாகவே இருந்தது. சில ஊர்கள் விலகின. ஆனாலும் ஒரு வீடு மட்டும் கொழுக்கும் நிலை அங்கே தடுக்கப்பட்டது.

சிறியது அனைத்தும் உள்ளூர்க்காரருடையது எனக் கொள்வது பிழை. பிளசென்சியாவின் நன்கறியப்பட்ட விடுதிகளுள் ஒன்று திரைப்பட இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலாவுக்கு உரியது. 2001 அக்டோபர் 8 அன்று ஐரிஸ் புயல் அக்கரையைத் தாக்கியதில் ஊரின் பெரும்பகுதியோடு அதுவும் அழிந்து பின்னர் மீண்டும் எழுந்தது. புயலுக்குப் பின் மணல்நாக்கின் நிலம் அயல்நாட்டார்க்கு மனைமனையாக விற்கப்பட்டது. வீட்டுமனைகளுக்காக அலையாத்திக் காடுகள் அழிக்கப்பட்டன. காயலையொட்டிய இறால் பண்ணைகளின் கழிவும் சேர்ந்தது. கப்பல் வருமுன்பே இக்கரை காயம்பட்டிருந்தது.

ஆழமற்ற கடலும் நகரத்துத் துறையும்

உல்லாசக் கப்பல்கள் பெருமளவில் வந்தது பெலிஸ் நகருக்கே. 2000இல் ஏறத்தாழ 58,000 ஆக இருந்த கப்பல் பயணிகள் 2004இல் 8,50,000ஐத் தாண்டினர். இது அன்றைய மக்கள்தொகையைப்போல் மும்மடங்கு. அதே ஆண்டில் நாட்டில் இரவு தங்கிய பயணிகள் ஏறத்தாழ 2,30,000 பேர் மட்டுமே. அல்துன் ஹா மாயா இடிபாடுகளும், மிதவையில் ஏறிக் கடக்கும் குகை ஆறும் கப்பல் நாள்களில் நெரிசலுற்றன. அங்கு வழக்கமாக வந்த தங்கும் பயணிகள் விலகத் தொடங்கினர். பயணியொருவர்க்கு விதிக்கப்பட்ட 7 டாலர் வரியில் 4 டாலர் கரையிறங்கும் வளாகத்தை நடத்துவோர்க்குச் சென்றது. இயற்கைக் காப்பு நிதிக்குக் கிடைத்தது 1.40 டாலர்.

எனினும் நகரத்தில் இயற்கையே ஓர் இடையீட்டை வைத்திருந்தது. பவளத்திட்டுக்கு உட்பட்ட கடல் ஆழமற்றது. பெருங்கப்பல்கள் பல கிலோமீட்டர் தொலைவில் நங்கூரமிட, உள்ளூர்ப் படகுகளே பயணிகளைக் கரைசேர்த்தன. படகோட்டி, உந்துவண்டி ஓட்டுநர், வழிகாட்டி என ஒவ்வொரு கையாகப் பணம் மாறியது. கப்பல் நிறுவனங்கள் இதனை நேர இழப்பாகக் கணக்கிட்டன. கடலை ஆழப்படுத்திக் கப்பலைக் கரையணைக்கும் திட்டங்கள் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டதன் காரணம் இதுவே.

ஹார்வெஸ்ட் கே

2010ஆம் ஆண்டளவில் கப்பல் நிறுவனங்களின் கண் தென்கரையை நோக்கித் திரும்பியது. பிளசென்சியா மக்கள் கூட்டங்கள் நடத்தி எதிர்த்தனர். 2030ஐ இலக்காகக் கொண்டு அரசு வரைந்த தேசிய நிலையான சுற்றுலா முதன்மைத் திட்டமும், தென்கிழக்குக் கரைக்குப் பெருங்கப்பல் சுற்றுலா ஏற்றதன்று, சிறு கப்பல்களே பொருந்தும் எனக் கருதியது. இருந்தும் 2013இல் நார்வேஜியன் குரூஸ் லைன் நிறுவனம் பிளசென்சியாவுக்கு அருகே ஹார்வெஸ்ட் கே என்ற, ஏறத்தாழ 75 ஏக்கர் பரப்புள்ள தீவில் 5 கோடி டாலர் செலவில் துறை அமைக்க அரசு இசைந்தது. பெலிஸ் சுற்றுலாத் தொழில் சங்கம் நீதிமன்றத்தை நாடியது, பணி நிற்கவில்லை. 2016 நவம்பரில் முதல் கப்பல் அணைந்தது.

அரசின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. நாடு பெருங்கடனில் இருந்தது. தென்பகுதியில் வேலையின்மை கடுமை. தங்கும் பயணிகளால் பயனடைந்தவர் ஊரில் சிலரே என்ற மனக்குறையும், பக்கத்து ஊர்களான செய்ன் பைட்டிலும் மங்க்கி ரிவரிலும், இருந்தது. வழிகாட்டிகள் சிலர்க்குத் தீவின் வழியாக வேலை கிடைத்ததும் உண்மை.

ஆனால் துறையின் அமைப்பைப் பார்க்க வேண்டும். கடலுக்குள் நீளும் பாலத்தில் கப்பல் நேரே அணைகிறது. கடற்கரை, குளம், கம்பியில் சறுக்கும் கோபுரம், கடைகள் எல்லாம் அத்தீவிலேயே உள்ளன. பெருநிலத்தைக் காண விரும்புவோர் கப்பலிலேயே சுற்றுலாவை வாங்கிப் படகேறலாம். விரும்பாதவர் பெலிஸ் மண்ணில் ஓர் ஊரையும் காணாமலே திரும்பலாம். நகரத்தில் ஆழமற்ற கடல் காத்துவந்த இடைவெளி இங்கே கட்டுமானத்தால் நீக்கப்பட்டது. 1962இன் கூட்டுறவுச் சங்கம் கைப்பற்றியது எதுவோ, அதற்கு நேரெதிரான உடைமை முறை சில கிலோமீட்டர் தொலைவில் எழுந்தது.

இக்காலத்தில் பெலிஸ் மக்கள் கடலைக் காக்கத் தயங்கினர் என்று கூற இயலாது. 2012 பிப்ரவரி 29 அன்று ஓசியானா அமைப்பு நடத்திய மக்கள் வாக்கெடுப்பில் பங்கேற்றோருள் 96 விழுக்காட்டினர் கடலில் எண்ணெய் எடுப்பதை எதிர்த்தனர். 2017 இறுதியில் சட்டமே அதற்குத் தடைவிதித்தது. 2009 முதல் ‘இடருக்குட்பட்டவை’ பட்டியலில் இருந்த பவளத்திட்டு 2018இல் அதிலிருந்து நீக்கப்பட்டது. 2021இல் கடன் மறுசீரமைப்புக்கு ஈடாகக் கடற்பரப்பில் 30 விழுக்காட்டைக் காக்க நாடு உறுதியளித்தது. இவ்வெற்றிகள் அனைத்தும் கடலின் தூய்மையைப் பற்றியவை. துறையின் உடைமை பற்றிய கேள்வி எந்த வாக்குச்சீட்டிலும் இடம்பெறவில்லை.

பெருந்தொற்று இரண்டு முறைகளையும் ஒருங்கே நிறுத்தியது. 2020 அக்டோபர் 1 அன்று விமான நிலையம் திறந்ததும் தங்கும் பயணிகள் மெல்ல வரத் தொடங்கினர். கப்பல்கள் 2021 ஜூலையில்தான் திரும்பின. பெலிஸ் நகரில் அன்று முதலில் வேலை பெற்றோர், தொலைவில் நின்ற கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடும் படகுக்காரர்கள். ஹார்வெஸ்ட் கேயில் அத்தகைய படகுகளுக்குத் தேவையில்லை. அங்கே கப்பல் பாலத்திலேயே அணைகிறது.