வலிமையும் வாழ்நாளும்: இதயச் சுருக்கத்தை வலுப்படுத்தும் மருந்துகளின் வரலாறு (1785–1999)

முன்னுரை

இதயச் செயலிழப்பில், உடலுக்குத் தேவையான அளவு குருதியைச் செலுத்த இதயத்தால் இயலுவதில்லை. தளர்ந்த இதயத்தசையின் சுருக்கத்தை வலுப்படுத்தினால் நோயாளியின் வாழ்நாள் நீளும் என்பது இயல்பான எதிர்பார்ப்பாகும். இவ்வெதிர்பார்ப்பு சோதனைக்கு உள்ளாகித் திருத்தம் பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

விதரிங்கின் அளவு நெறி

1775ஆம் ஆண்டு, ஷ்ராப்ஷயர் மூதாட்டி ஒருவர் நீர்க்கோவைக்கு மறைவாக வழங்கிவந்த குடும்ப மருந்து குறித்து ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங்கிடம் கருத்துக் கேட்கப்பட்டது. மூலிகைகள் பல கலந்த அம்மருந்தில் செயல்படுவது ஃபாக்ஸ்குளோவ் செடியே என அவர் தெளிந்தார். பத்தாண்டுப் பட்டறிவை 1785இல் நூலாக வெளியிட்டார். வெற்றிகளோடு தோல்விகளையும் அந்நூல் பதிவு செய்துள்ளது. சிறுநீர், வயிறு, நாடி, குடல் ஆகியவற்றுள் எதிலேனும் மருந்தின் விளைவு தோன்றியவுடன் அதனை நிறுத்த வேண்டும் என்பது அவர் வகுத்த நெறியாகும்.

1930இல் சிட்னி ஸ்மித் அவ்வினச் செடியொன்றிலிருந்து டிகாக்சினைப் பிரித்தெடுத்தார். இது இதயத்தசை உயிரணுவின் சோடியம்–பொட்டாசியம் ஏற்றியைத் தடுக்கிறது. அதனால் உயிரணுவினுள் கால்சியம் மிகுந்து சுருக்கம் வலுப்பெறுகிறது.

எதிர்பார்ப்பின் சோதனை

மில்ரினோன் என்னும் புதிய மருந்தும் வேறொரு வழியில் சுருக்கத்தை வலுப்படுத்தியது. எனினும், கடுமையான இதயச் செயலிழப்புடைய 1,088 பேரிடம் நிகழ்த்தப்பட்டு 1991இல் வெளியான 'பிராமிஸ்' ஆய்வில், மில்ரினோன் மாத்திரை உட்கொண்டோரின் இறப்பு 28 விழுக்காடு மிகுந்திருந்தது. 6,800 பேரை உள்ளடக்கி 1997இல் வெளியான 'டிக்' ஆய்வில், டிகாக்சின் இறப்பைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வதை மட்டும் குறைத்தது. மாறாக, தொடக்கத்தில் சுருக்கத்தைத் தளர்த்தக்கூடிய பீட்டா தடுப்பிகள் வாழ்நாளை நீட்டிப்பதை, 1999இல் வெளியான 'சிபிஸ்–2', 'மெரிட்–எச்எஃப்' ஆய்வுகள் நிறுவின.

முடிவுரை

சுருக்கத்தின் வலிமையும் நோயாளியின் வாழ்நாளும் ஒன்றல்ல என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது. குருதியோட்டம் பெரிதும் குன்றிய நெருக்கடியில் மில்ரினோன், டோபுட்டமின் போன்றவை இன்றும் நரம்புவழி குறுகிய காலத்திற்கு வழங்கப்படுகின்றன. ஆகவே இம்மருந்துகள் கைவிடப்படவில்லை. அவற்றின் எல்லையே வரையறுக்கப்பட்டது. அவ்வெல்லையைக் காட்டியது இறப்புகளின் கணக்கே. தோல்விகளையும் மறையாது எழுதிய விதரிங்கின் நூல் அம்முறைக்கு ஒரு முன்னோடியாகத் திகழ்கிறது.