தோட்டாவை மறிப்பது யார்? சிகாகோ அனுபவமும் கொள்ளைநோய்க் கோட்பாடும்

துப்பாக்கிக் கொலைகளைக் கொள்ளைநோயாகக் கொள்ளும் பார்வை சிகாகோவில் வலுப்பெற்றது. சோமாலியா உள்ளிட்ட நாடுகளில் காசநோய், காலரா, எய்ட்ஸ் ஒழிப்பில் பணியாற்றி 1995இல் அமெரிக்கா திரும்பிய மருத்துவர் கேரி ஸ்லட்கின், ஒரு கொலையே அடுத்த கொலைக்கு வித்தாவதைக் கவனித்தார். 2000இல் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் அவரது 'சீஸ்ஃபயர்' திட்டம் தொடங்கியது. குற்றமாக மட்டுமே பார்க்கப்பட்டதை நலவாழ்வுச் சிக்கலாக மாற்றியது இக்கோட்பாட்டின் சாதனை. நிதியும் அதனால் வந்தது. ஆனால், கொலை எப்படிப் பரவுகிறது என்று சொல்லும் அளவுக்கு, அது எப்படி நிற்கிறது என்று இக்கோட்பாடு சொல்வதில்லை.

நிற்பது ஆட்களால். 2004 முதல் 'இடைமறிப்பாளர்கள்' அமர்த்தப்பட்டனர். பலர் முன்னாள் கும்பல் உறுப்பினர்கள், சிறை மீண்டவர்கள். சுடப்பட்டவனின் கூட்டாளிகள் பழிவாங்கக் கிளம்புமுன் அவர்களைத் தேடிப் பிடித்து, இன்று ஒருநாள் பொறு என்று கேட்பதே வேலை. யார் யாருக்குத் தம்பி, எந்தக் கடன் எந்தச் சண்டையில் முடிந்தது என்று அறிந்தவர் கேட்டால்தான் அந்தப் பேச்சு எடுபடும். தடுப்பூசியை எந்தச் செவிலியர் போட்டாலும் பலன் ஒன்றே. இங்கே ஆள் மாறினால் பலனும் மாறும். கேட்டதைக் காவல்துறையிடம் சொல்லிவிட்டால் மறுநாள் தெருவில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சொல்லாவிட்டால் காவல்துறை சந்தேகிக்கும். இந்த இழுபறி இவ்வேலையோடு பிறந்தது.

மதிப்பீடுகளின் முரணும் இங்கிருந்தே புரியும். ஆய்வாளர் வெஸ்லி ஸ்கோகன் குழுவின் 2008 ஆய்வு, சிகாகோவில் சில பகுதிகளில் துப்பாக்கிச் சூடு குறைந்ததையும் சிலவற்றில் திட்டத்தின் விளைவு தெளிவாகப் புலப்படாததையும் காட்டியது. பிட்ஸ்பர்கின் ஒத்த திட்டத்தில் கொலை குறையவில்லை. கடும் தாக்குதல்கள் கூடின. பாஸ்டனோ எதிர்த்திசையில் சென்றது. அங்கு 1996இல் போதகர்களும் காவலர்களும் கைகோத்தனர். இளையோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவான கும்பல் உறுப்பினர்களே இளையோர் கொலைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குக் காரணம் என்று கண்டு, அவர்களிடம் நேரில் பேசினர். மதிப்பீட்டின்படி இளையோர் கொலை 63 விழுக்காடு சரிந்தது. 2000இல் முயற்சி கைவிடப்பட்டபின் கொலைகள் மீண்டும் ஏறின. சிகாகோவுக்கும் பாஸ்டனுக்கும் பொதுவானது முறையன்று, முகங்களே.

ஆகவே நிதியை நிறுத்துவதன் விலை பெரிது. 2015இல் இல்லினாய் மாநிலம் சீஸ்ஃபயருக்கான பணத்தை முடக்கியது. 2016இல் சிகாகோவில் 750க்கும் மேற்பட்ட கொலைகள். காவல்துறையின் தெருச் சோதனைகளும் அதே காலத்தில் வெகுவாகக் குறைந்ததால் பழியை முழுவதும் நிதிவெட்டின்மீது போடுவது நேர்மையாகாது. ஆயினும் கலைந்துபோன இடைமறிப்பாளர்கள் பணம் திரும்பியதும் அப்படியே திரும்பிவிடுவதில்லை. 2022 கூட்டாட்சிச் சட்டம் இத்தகைய பணிக்கென ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் நீதித்துறை அமைச்சகம் நடப்பு மானியங்கள் பலவற்றை ரத்து செய்தது.

மானியத்தை நம்பாமல் இடைமறிப்பாளர்களை நகராட்சியே ஊழியர்களாக்கலாம். நகராட்சிச் சம்பளம் தெருவில் அவர்கள் பெயரைக் கெடுக்கும் என்பது இதற்கு வழக்கமான மறுப்பு. கலிபோர்னியாவின் ரிச்மண்ட் 2007இலேயே அதைச் சோதித்துவிட்டது. சிறை சென்றவர்களையும் நகர ஊழியர்களாக்கி, காவல்துறைக்குத் தகவல் தரவேண்டியதில்லை என்ற ஏற்பாட்டோடு தனி அலுவலகம் அமைத்தது. அங்கு 2009இல் 47 கொலைகள், 2014இல் 11. இச்சரிவில் அந்த அலுவலகத்தின் பங்கு எவ்வளவு என்பதில் வாதம் தொடரலாம். நகரச் சம்பளம் வாங்கியவர்களிடம் தெரு பேச மறுக்கவில்லை என்பதில் வாதத்துக்கு இடமில்லை.