சதாசிவம் வழக்கு: விடுதலை கிடைத்தது, விடை கிடைக்கவில்லை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

கிரிக்கெட் பற்றிப் பேச்சு வந்தால், முரளிதரனுக்கு முன்பே ஒரு தமிழர் இருந்தார் என்று பெரியவர்கள் 'சதா' என்ற பெயரைச் சொல்வார்கள். மகாதேவ சதாசிவம். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஆடியபோது இலங்கை அணியின் தலைவர். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மனுசியைக் கொண்டவர் எண்டும் ஒரு கதை" என்று முடிப்பார்கள்.

முதற்பாதி சரித்திரம். இரண்டாவது பாதியை 1953இலேயே ஏழு ஜூரிகள் ஏற்க மறுத்துவிட்டார்கள். அப்படியென்றால் அந்தப் பெண்ணைக் கொன்றது யார்? எழுபது வருடங்களுக்கு மேலாகியும் எந்த நீதிமன்றமும் இதற்குப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இந்த வழக்கை நாம் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம்.

நடந்தது இதுதான். 1951 ஒக்டோபர் 9. கொழும்பு பம்பலப்பிட்டியில் சென் அல்பன்ஸ் பிளேஸில் ஒரு வீடு. அந்த வீட்டின் கராஜில் சதாசிவத்தின் மனைவி இறந்து கிடந்தார். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஓர் உரல். கணவன் மனைவிக்குள் ஒற்றுமை இல்லை. விவாகரத்துக் கேட்டு அவர் ஏற்கெனவே நீதிமன்றம் போயிருந்தார். அன்று காலை சதாசிவம் அந்த வீட்டில் இருந்தார். பத்தரை மணியளவில் டாக்சியில் ஏறிப் போனார். அன்றைக்கே பொலிஸார் அவரைக் கைது செய்தனர்.

அந்த வீட்டில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்திருந்த வில்லியம் என்ற இளைஞரைக் காணவில்லை. சில நாட்களின் பின் அவரும் பிடிபட்டார். ஐயா மாடியில் அம்மாவைக் கொன்றார், நான் உதவி செய்தேன், இருவருமாக உடலைக் கீழே கராஜுக்குக் கொண்டுவந்தோம் என்பது அவர் சொன்ன கதை. உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையுடன் அவருக்கு மன்னிப்பு வழங்கி, அரச தரப்புச் சாட்சி ஆக்கினார்கள்.

வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கொலையில் தானும் கைகொடுத்ததாகச் சொல்லும் ஒருவர், தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவர்மேல் பழி போடக்கூடும். அதனால்தான் உடந்தையாக இருந்தவரின் சாட்சியை வேறு ஆதாரங்களோடு ஒப்பிட்டே எடுக்க வேண்டும் என்று சட்டம் எச்சரிக்கிறது. விளக்கம் 1953இல் நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் 57 நாட்கள் நடந்தது. சதாசிவத்துக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. சமசமாஜக் கட்சித் தலைவராகவும் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை உருவாக்கிய அமைச்சராகவும் நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் அதே கொல்வின்தான். எதிர்த்தரப்புக்காக எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் வந்தார். அக்காலத்தில் உலகம் அறிந்த சட்ட மருத்துவ நிபுணர் அவர்.

வாதம் முழுக்க மணிக்கூட்டைச் சுற்றியே நடந்தது. பத்தரைக்கு முன் உயிர் போயிருந்தால் சதாசிவம் மாட்டுவார். பத்தரைக்குப் பின் என்றால் அவர் அந்த வீட்டிலேயே இல்லை. உயிர் பிரிந்த நேரத்தை அறிய ஒரு வழி உடம்பின் சூட்டை அளப்பது. ஆனால் நுவரெலியாவில் ஊற்றிய தேத்தண்ணியும் கிளிநொச்சியில் ஊற்றிய தேத்தண்ணியும் ஒரே நேரத்தில் ஆறுவதில்லை. குளிர்நாட்டு ஆய்வுகளின் கணக்கைக் கொழும்பு வெக்கைக்கு அப்படியே போட முடியாது. எங்கள் நாட்டின் முன்னோடிச் சட்ட மருத்துவப் பேராசிரியர் டி சேரமும் அவருடன் சேர்ந்தவர்களும் தூக்கிலிடப்பட்ட 41 கைதிகளின் உடற்சூட்டை அளந்து, வெப்ப நாட்டுக்கான கணக்கை 1955இல் வெளியிட்டார்கள். அப்போது இந்த வழக்கு முடிந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன.

இன்னொரு சின்ன விஷயம். இறந்தவரின் உள்ளங்கால்களில் அழுக்கு இருந்தது. மாடியில் படுக்கையறையில் கொல்லப்பட்டு அங்கிருந்து தூக்கிவரப்பட்ட ஒருவரின் காலில் அது எப்படி வரும்? அவர் சமையலறைப் பக்கம் வெறுங்காலோடு நின்றிருக்க வேண்டும் என்பது ஸ்மித்தின் கருத்து. அது சரியென்றால் வில்லியம் சொன்ன கதை அடிப்படையிலேயே ஆட்டம் காண்கிறது.

1953 ஜூன் 25. ஏழு ஜூரிகளும் ஒரே குரலில் 'குற்றவாளி அல்ல' என்றார்கள். கைதாகி இருபது மாதங்களுக்கு மேல் கழிந்திருந்தது. தீர்ப்பு மாறியிருந்தால் வெலிக்கடையில் தூக்குமரம் காத்திருந்தது. பிறகு அவர் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைவராக ஆடி, 1977இல் காலமானார். வேறு யாரும் தண்டிக்கப்படவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். சதாசிவம் நிரபராதி என்றால், அரசு தன் முக்கிய சாட்சியாக நம்பியவர் மீதே சந்தேகம் திரும்புகிறது. ஆனால் வில்லியத்தை எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று காணவில்லை. நாமும் அப்படிச் சொல்லக்கூடாது. அது எழுபது வருடத்துக்குப் பிந்திய இன்னொரு அவதூறாகிவிடும். தவறு எங்கே நடந்தது என்று கேட்டால், முதல் நாளிலேயே ஒருவர் மேல் பார்வையைப் பதித்ததில் என்று நாம் நினைக்கிறோம். குடும்பத் தகராறும் விவாகரத்து வழக்கும் ஒரு மனிதர் கோபப்படக் காரணமாகலாம். அவரே கழுத்தை நெரித்தார் என்பதற்கு அவை அத்தாட்சி ஆகாது. ஒரு பக்கம் மட்டுமே பார்த்து மற்றவருக்கு மன்னிப்பும் கொடுத்த பிறகு, அந்த ஒரு பக்கமும் விழுந்தபோது அரசின் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே காலத்தில் இதே கதை நடந்தது. 1944இல் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் விடுதலையானார்கள். பாகவதரின் சினிமா வாழ்க்கை பழையபடி எழும்பவே இல்லை என்று இன்றும் கவலைப்படுகிறோம். லட்சுமிகாந்தனை யார் கொன்றார்கள் என்று கேட்பவர் குறைவு.

சதாசிவம் வழக்கிலும் அப்படித்தான். ஆட்டக்காரரின் 215 ஓட்டங்கள் நினைவிருக்கிறது, கொல்வினின் வாதத் திறமை நினைவிருக்கிறது. தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள முறையாக நீதிமன்றம் போன ஒரு பெண், அந்த வழக்கு முடியும் முன்பே தன் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டார் என்பது ஓரமாகப் போய்விட்டது. 'குற்றவாளி அல்ல' என்ற தீர்ப்பு சதாசிவத்துக்குரியது. அந்தப் பெண்ணுக்குரிய பதில் இன்னும் பாக்கி.

இதை ஏன் வன்னியிலிருந்து எழுதுகிறோம்? பதில் கிடைக்காத மரணங்களோடு வாழ்பவர்கள் நாங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எந்தத் தரப்பிலும் 'யார் செய்தது, ஏன்' என்று கேட்டுக் காத்திருக்கும் வீடுகள் இந்த மண்ணில் உண்டு. அதே நேரம், முகநூலில் ஒரு மரணச் செய்தி வந்த அரை மணித்தியாலத்துக்குள் கணவனை, மருமகனை, வேலைக்காரப் பிள்ளையைக் கொலைகாரனாக்கிப் பகிர்பவர்களும் நாங்களே. கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி மார்க்கம் எங்களுக்குக் கட்டளையிடுகிறது. எந்த மதத்தவரானாலும் பொருந்தும் ஒழுக்கம் அது.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வழக்கைச் சொல்லிக் கொடுங்கள். யார் கொலைகாரன் என்று கேட்காதீர்கள். எதை நாம் உறுதியாக அறிவோம், எதை ஊகிக்கிறோம் என்று இரண்டு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பட்டியல்தான் நீளமாக வரும். அடுத்த தடவை ஊரில் ஒரு கதை கிளம்பும்போது, அந்தப் பிள்ளைகளாவது பகிர முன் ஒரு நிமிடம் நிற்பார்கள்.