வேலியும் பயிரும்: ஜப்பானின் அணுப்பாதுகாப்புக் கண்காணிப்பு வரலாறு

தோற்றுவாய்

தவறு கண்டவிடத்து இடித்துக் கூறும் துணைவரைப் பெறாத அரசன், பகைவர் இல்லாத காலத்திலும் அழிவான் என்பது ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வள்ளுவர் வலியுறுத்தும் கருத்து. முடியாட்சிக் காலத்தில் அமைச்சரும் சான்றோரும் ஆற்றிய அப்பணியை, இக்காலத்தில் சட்டத்தால் அமைந்த கண்காணிப்பு நிறுவனங்கள் ஆற்ற வேண்டியுள்ளது. அந்நிறுவனங்கள் இடித்துரைக்கும் உரிமையை இழந்தால் நேர்வது யாது? இவ்வினாவிற்கு ஜப்பானிய அணுசக்தித் துறையின் வரலாறு தெளிவான விடை தருகிறது. உலை கட்டும் கையும் உலையைச் சோதிக்கும் கையும் ஒரே உடலைச் சார்ந்திருந்ததால் விளைந்த கேடே அவ்வரலாற்றின் உட்பொருள். அதனைக் கால வரிசையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரை சேராப் படகும் கடந்த மசோதாவும்

1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ‘ஐந்தாம் புகுர்யு மாரு’ என்னும் ஜப்பானிய மீன்பிடிப் படகின்மீது விழுந்தது. அதிலிருந்த 23 பேரும் கதிரியக்கத்திற்கு உள்ளாயினர். படகு மார்ச் 14 அன்றுதான் யாய்சுத் துறைமுகத்தை அடைந்தது. அதற்குள், மார்ச் 4 அன்றே, ஜப்பானிய நாடாளுமன்றத்தின் கீழவை நாட்டின் முதல் அணுசக்தி நிதி ஒதுக்கீட்டிற்கு ஒப்புதல் அளித்துவிட்டது. பின்னாளில் பிரதமரான யசுஹிரோ நகசோனே முன்னின்று கொணர்ந்த அவ்வொதுக்கீடு 23.5 கோடி யென். ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து ஒன்பதாண்டுகூட நிறையாத காலம் அது.

1955 டிசம்பரில் நிறைவேறிய அணுசக்தி அடிப்படைச் சட்டம் மக்களாட்சி முறை, தற்சார்பு, வெளிப்படைத் தன்மை என்னும் மூன்று நெறிகளை வகுத்தது. அடுத்த மாதமே அணுசக்தி ஆணையம் அமைந்தது. 1966இல் தோகாய் கிராமத்தில் முதல் வணிக அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அணுத்தொழிலை வளர்க்கும் பொறுப்போடு அதன் பாதுகாப்பை உறுதிசெய்யும் பொறுப்பும் அவ்வாணையத்திடமே இருந்தது. ஒரே கையில் இரு பணிகளையும் ஒப்படைத்ததன் இடர் அன்று பலருக்கும் புலப்படவில்லை.

மீனவர் மறித்த கப்பல்

அவ்விடரை முதன்முதலில் நாடறியச் செய்தவர்கள் மீனவர்களே. ‘முத்சு’ என்னும் அணுசக்திக் கப்பல் 1974 ஆகஸ்டில் ஓமினாதோ துறைமுகத்திலிருந்து சோதனை ஓட்டத்திற்குப் புறப்பட்டது. செப்டம்பர் 1 அன்று, உலை மிகக் குறைந்த திறனில் இயங்கியபோதே, கதிர்வீச்சுத் தடுப்பின் வடிவமைப்புக் குறையால் கசிவு ஏற்பட்டது. முத்சு விரிகுடாவில் சிப்பி வளர்த்துப் பிழைத்த மக்கள் கப்பலை மீண்டும் துறைக்குள் விடோம் என்று தடுத்து நின்றனர். நாற்பது நாள்களுக்கு மேல் அக்கப்பல் கடலிலேயே அலைந்தது.

கப்பலை வடிவமைக்கச் செய்த அரசே அதனைச் சோதித்து ஏற்ற அரசாகவும் இருந்தது என்னும் உண்மை இதனால் வெளிப்பட்டது. அமெரிக்கா அதே 1974இல் சட்டம் இயற்றித் தன் அணுசக்தி ஆணையத்தைக் கலைத்து, வளர்க்கும் பணியையும் காக்கும் பணியையும் வெவ்வேறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளித்தது. ஜப்பான் 1978இல் அணுப்பாதுகாப்பு ஆணையம் என்னும் தனி அமைப்பை உருவாக்கியது. ஆயின் அது அறிவுரை கூறும் அவையாகவே நின்றது. உலையை நிறுத்தும் ஆணை அதனிடம் இல்லை. உரிமம் வழங்குவதும் சோதிப்பதும் அமைச்சகங்களின் கையிலேயே தங்கின.

அவ்வாணையம் 1990இல் வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டி நெறி குறிக்கத்தக்கது. மின் கம்பிகள் விரைவில் சீராகும், அவசர மின்னாக்கிகளும் பழுது நீங்கி இயங்கும் என எதிர்பார்க்கலாமாதலால், நீண்ட நேரம் மாறுமின்சாரம் முற்றிலும் இல்லாது போகும் நிலையைக் கருத வேண்டுவதில்லை என்று அது கூறியது. ஃபுகுஷிமாவில் நிகழ்ந்தது துல்லியமாக அந்நிலையே.

ஒரே கூரை

1999 செப்டம்பர் 30 அன்று தோகாய் கிராம யுரேனியத் தொழிலகம் ஒன்றில், அனுமதி பெறாத முறையில் எஃகு வாளிகளைக் கொண்டு யுரேனியக் கரைசலைக் கையாண்டபோது தொடர்வினை மூண்டு, தொழிலாளர் இருவர் பின்னர் உயிர் நீத்தனர். இதன் பின்னணியில், 2001 ஜனவரியின் நிருவாகச் சீரமைப்பில் ‘அணு மற்றும் தொழிலகப் பாதுகாப்பு முகமை’ தோன்றியது. பெயரில் பாதுகாப்பு இருந்தது. இருப்பிடமோ பொருளாதார வணிகத் தொழில் அமைச்சகம். அணுமின்சாரத்தைப் பெருக்குவதைத் தன் கொள்கையாகக் கொண்டதும் அதே அமைச்சகமே. அலுவலர்கள் சில ஆண்டுகள் முகமையில் பணியாற்றிவிட்டு வளர்ச்சிப் பிரிவுக்கு மாறுவதும், மீண்டு வருவதும் வழக்கமாயின. ஓய்வுபெற்ற உயர் அலுவலர்கள் தாம் மேற்பார்த்த தொழில் நிறுவனங்களிலேயே பதவி ஏற்பதை ஜப்பானியர் ‘அமகுதரி’ என்பர். ‘விண்ணிலிருந்து இறங்குதல்’ என்பது அதன் பொருள்.

இவ்வமைப்பின் இயல்பை ஒரு நிகழ்ச்சி காட்டும். டோக்கியோ மின் நிறுவனத்தின் உலைகளில் காணப்பட்ட விரிசல்கள் ஆய்வுப் பதிவுகளில் மறைக்கப்பட்டதை, ஆய்வில் பங்கேற்ற பொறியாளர் ஒருவர் 2000ஆம் ஆண்டில் அரசுக்குத் தெரிவித்தார். அச்செய்தி மக்களுக்கு வெளிப்பட்டது 2002 ஆகஸ்டில். இடைப்பட்ட ஈராண்டில் கண்காணிப்பாளர், தகவல் தந்தவர் யார் என்பதை அந்நிறுவனத்திற்கே தெரியப்படுத்தியிருந்தனர். நிறுவனத் தலைவர் பதவி விலகினார். 2003 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் 17 உலைகளும் நிறுத்தப்பட்டன. ஆயினும் கண்காணிப்பு முகமை இருந்த இடம் மாறவில்லை.

கல்பாக்கத்துப் பாடம்

தமிழக வாசகர் அறியத்தக்க தொடர்பொன்று இங்கு உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கியபோது சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலை இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் உள்வரும் சுரங்க வழியே அலை புகுந்து இறைப்பான் கூடத்தை மூழ்கடித்தது. பணியாளர் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினர். அணுமின் நகரியக் குடியிருப்பிலும் சுற்றியிருந்த கடற்கரைச் சிற்றூர்களிலும் உயிர்கள் பல மடிந்தன. உலை தப்பியது.

இந்நிகழ்ச்சியை ஜப்பானியர் ஊன்றி நோக்கினர். 2006இல் பாதுகாப்பு முகமையும் மின் நிறுவனங்களும் கூடி, நிலையங்களில் வெள்ளம் புகுந்தால் யாது நேரும் என ஆராயும் குழுவொன்றை நடத்தியதற்குக் கல்பாக்கத்து அனுபவமும் ஒரு காரணம். நிலமட்டத்தை விஞ்சிய அலை வந்தால் ஃபுகுஷிமா டாய்இச்சி நிலையத்தின் ஐந்தாம் உலை மின்சாரம் முழுவதையும் இழக்கும் என்பது அக்குழுவில் தெரியவந்தது. அவ்வாண்டு அக்டோபரில் முகமை, ஆழிப்பேரலைக்கு எதிராகக் கூடுதல் இடைவெளி வேண்டும் என நிறுவனங்களிடம் வாய்மொழியாகக் கூறியது. எழுத்தில் ஆணை பிறக்கவில்லை, காலக்கெடுவும் விதிக்கப்படவில்லை.

எச்சரிக்கை இது ஒன்று மட்டுமன்று. ஜப்பான் அகழியை ஒட்டி எவ்விடத்தும் பெரும் ஆழிப்பேரலை எழும் நிலநடுக்கம் நிகழலாம் என்று அரசின் நிலநடுக்க ஆய்வுத் தலைமையகமே 2002 ஜூலையில் அறிவித்திருந்தது. அதன் அடிப்படையில் டோக்கியோ மின் நிறுவனம் 2008இல் செய்த கணக்கீட்டில் 15.7 மீட்டர் உயரம் கிடைத்தது. உலைகள் நின்ற தளத்தின் உயரமோ 10 மீட்டர். முப்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்ற இயற்கைக் குன்றை வெட்டித் தாழ்த்தியே அத்தளத்தை அமைத்திருந்தனர். அக்கணக்கீடு முகமையின் கைக்கு வந்த நாள் 2011 மார்ச் 7. பேரிடர் நிகழ்ந்தது மார்ச் 11.

அன்று பிற்பகல் 2.46 மணிக்கு நிலம் நடுங்கி வெளி மின்சாரம் அற்றது. அவசர மின்னாக்கிகள் இயங்கின. ஒரு மணி நேரத்திற்குள் வந்த அலை, கீழ்த்தளங்களில் இருந்த மின்னாக்கிகளையும் மின்பகிர்வுப் பலகைகளையும் மூழ்கடித்தது. மூன்று உலைகளின் கருப்பகுதி உருகியது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் வீடிழந்து வெளியேறினர். நெருக்கடியை வழிநடத்த வேண்டிய அரசு மையம் சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் ஓகுமாவில் இருந்தது. அதில் கதிரியக்கத் தூசியைத் தடுக்கும் வடிகட்டிகள் இல்லை. அக்குறை 2009இலேயே சுட்டிக்காட்டப்பட்டிருந்தும் சீர்செய்யப்படவில்லை. மார்ச் 15 அன்று காவல் மையமே இடம்பெயர்ந்தது.

இது விதியின் விளைவன்று என்பதற்கு வடக்கே ஓனகாவா நிலையம் சான்று. தோஹோகு மின் நிறுவனத்தில் யனோசுகே ஹிராய் என்னும் பொறியாளர், 869ஆம் ஆண்டின் ஜோகன் பேரலையை நினைவிற்கொண்டு உயர்ந்த தளம் வேண்டும் என விடாது வற்புறுத்தினார். 14.8 மீட்டர் உயரத்தில் அமைந்த அந்நிலையம், ஏறத்தாழ 13 மீட்டர் அலையைத் தாங்கிற்று. வீடிழந்த முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதனுள் அடைக்கலம் புகுந்தனர். இடித்துரைத்தவர் ஒருவர், அவர் சொல்லைச் செவிமடுத்த நிறுவனமும் இருந்தது.

விசாரணையும் புதிய ஆணையமும்

கியோஷி குரோகாவா தலைமையில் நாடாளுமன்றம் அமைத்த தற்சார்பு விசாரணைக் குழு, 1,167 பேரைக் கண்டு கேட்டு 2012 ஜூலையில் அறிக்கை அளித்தது. இது மனிதர் விளைத்த பேரிடர் என்பது அதன் முடிவு. துறையறிவிலும் தகவலிலும் மேம்பட்டிருந்த நிறுவனங்களிடம் கண்காணிப்பாளர் சிறைப்பட்டவராயினர் என்றும் குழு கண்டது. வேலியே பயிரை மேய்ந்ததாகக் கூறுவது நம் வழக்கு. இங்கு நிகழ்ந்தது அதனினும் நுட்பமானது. பயிரின் நிழலிலேயே வேலி வளர்ந்து, எதனைக் காக்க நின்றது என்பதை மறந்தது.

2012 செப்டம்பர் 19 அன்று ஐவர் கொண்ட அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தைச் சார்ந்த தற்சார்பு அமைப்பாகப் பிறந்தது. அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகங்களுக்கு அதன் அலுவலர் திரும்பிச் செல்லலாகாது என்பது நெறியாயிற்று. உலையின் ஆயுள் 40 ஆண்டு, ஒருமுறை மட்டும் 20 ஆண்டு நீட்டிப்பு என வரம்பும் விதிக்கப்பட்டது.

பொறுப்பு யாரைச் சாரும் என்னும் வழக்கு மட்டும் வேறு வழி சென்றது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், அரசு ஆணையிட்டிருந்தாலும் அப்பேரலையைத் தடுத்திருக்க இயலாது என்று கூறி, அரசுக்கு இழப்பீட்டுப் பொறுப்பில்லை எனத் தீர்த்தது. நால்வரில் ஒரு நீதிபதி மாறுபட்டார்.

தூய ஆற்றலும் கண்காணிப்பும்

பேரிடருக்குப்பின் உலைகள் ஒவ்வொன்றாக நின்றன. 2013 செப்டம்பர் முதல் 2015 ஆகஸ்டு வரை அந்நாட்டில் ஓர் உலையும் இயங்கவில்லை. நிலக்கரியும் எரிவாயுவும் பெருமளவில் இறக்குமதியாயின. 2020 அக்டோபரில் பிரதமர் சுகா, 2050க்குள் கரியமில வாயு வெளியேற்றத்தை நிகர அளவில் இல்லாததாக்குவோம் என அறிவித்தபின், மின்னாக்கத்தில் அவ்வாயுவை வெளியிடாத அணு உலை புதிய மதிப்புப் பெற்றது. காலநிலைக் கேடு பொய்யன்று. அதனைத் தடுக்கும் விரைவும் தேவையே. ஆயின் விரைவு என்னும் சொல் கண்காணிப்பின்மேல் என்ன செய்யும் என்பதே வினா.

உலை எத்தனை ஆண்டு இயங்கலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் 2023 மே மாதச் சட்டத்தால் மீண்டும் பொருளாதார அமைச்சகத்தின் சட்டத்திற்குள் சென்றது. ஆய்வுக்காகவும் வழக்குகளாலும் உலை நின்றிருந்த காலம் கணக்கிலிருந்து கழிக்கப்படும். ஆதலால் 60 ஆண்டுகளைக் கடந்தும் உலை இயங்கலாம். முப்பதாம் ஆண்டிற்குப்பின் பத்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் பாதுகாப்பை ஆராயும் பொறுப்பு மட்டும் ஆணையத்திற்கு. 2023 பிப்ரவரி 13 அன்று ஆணையம் இம்மாற்றத்தை வாக்கெடுப்பில் ஏற்றது. நால்வர் ஏற்க, நிலவியலாளர் அகிரா இஷிவதாரி ஒருவர் மறுத்தார். புதிய அறிவியல் கண்டுபிடிப்பால் வந்த மாற்றமன்று இது. பாதுகாப்பை உயர்த்துவதுமன்று என்பது அவர் வாதத்தின் சாரம். ஒற்றை வாக்கு தோற்றது. ஆயினும் பதிவில் நின்றது.

2024 நவம்பரில் அதே ஆணையம் சுருகா இரண்டாம் உலையை மீண்டும் இயக்க அனுமதி மறுத்தது. உலைக்கடியில் இயங்கும் பிளவு இருக்கக்கூடும் என்பதே காரணம். புதிய விதிகளின்கீழ் உலை ஒன்றுக்கு அனுமதி முறையாக மறுக்கப்பட்டது இதுவே முதன்முறை. மூன்றே மாதத்தில், 2025 பிப்ரவரியில், அரசின் ஏழாம் ஆற்றல் திட்டம் அணுசக்திச் சார்பை இயன்றவரை குறைப்பது என்னும் பழைய தொடரை நீக்கி, 2040இல் மின்சாரத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு அணுவிலிருந்து என இலக்கு வகுத்தது. ஒரு கை மறுக்க, மறு கை விரைகிறது. இரு கைகளும் வேறு வேறாக இருக்கும்வரை இம்முரண் நலமே பயக்கும்.

நிறைவாக

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் தோன்றியபோது அணுசக்தித் துறையின் செயலர் தலைமை வகிக்கும் ஆணையத்திற்கே பொறுப்புடையதாக அமைந்தது. 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அதன் சட்டத் தகுதிக் குறைவைச் சுட்டினார். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம் வாரியத்திற்குச் சட்டத் தகுதி அளித்தது. தனியாருக்கும் இத்துறையின் கதவைத் திறந்தது. தூய ஆற்றலே அதற்கும் கூறப்படும் காரணம். கல்பாக்கமும் கூடங்குளமும் அமைந்த கடற்கரைக்கு ஜப்பானிய வரலாறு அயலார் கதையன்று.

முத்சு விரிகுடாவின் சிப்பி வளர்ப்போர், ஓனகாவாவின் ஒரு பொறியாளர், வாக்கெடுப்பில் தனித்து நின்ற ஒரு நிலவியலாளர் ஆகியோர் அரசுக்குப் பகைவரல்லர். அரசைக் காத்த துணைவர்கள். ஒரு நாட்டின் அணுப்பாதுகாப்பை அளக்கும் அளவுகோல் அதன் உலைச்சுவரின் கனம் மட்டுமன்று. ‘கூடாது’ என்று சொல்பவர் மறுநாளும் தம் இருக்கையில் அமர முடிகிறதா என்பதும் ஆகும்.